மாமா சொன்ன ‘சாகு’

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அவருடைய வலது கை நகங்கள்தான். இடது கையில் நகமே இருக்காது. கிதார் தந்தியை அழுத்துவதற்காகச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். வலது கையில் கட்டை விரலிலும் அடுத்த மூன்று விரல்களிலும் நகம் நீண்டு, நுனி வளைந்து, பளபளவென்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்து, நைஸான உப்புத்தாளால் ஒவ்வொரு நகத்தையும் தேய்ப்பார். தேய்த்து முடித்ததும் நிறமில்லாத நகப்பூச்சைப் பூசிக்கொண்டு, கையை விரித்து ஃபேனுக்கு நேராகக் காட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கையால் டப்பா மூடி திறக்க மாட்டார், பட்டாணி உரிக்க மாட்டார். நகம் உடைந்துவிடுமாம். எல்லாவற்றுக்கும் அக்காவைத்தான் கூப்பிடுவார். அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த நகங்கள் அக்காவின் மேல்கையில் பதிந்திருந்ததை ஒருநாள் பார்த்தேன். ஒரு பக்கம் மூன்று பிறைகள், எதிர்ப்பக்கம் ஒன்று. யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மாமா என்றால் என் அக்காவின் கணவர். மைசூர்க்காரர். அவருடைய தாத்தா ரயில்வே வேலைக்காக வந்து தங்கிய குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் சண்டை போடவும் கணக்குப் பார்க்கவும் சாமி கும்பிடவும் கன்னடம்தான் முதலில் வரும். நாங்கள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம் ராமாபுரம். அப்பாவுக்கு உரக்கடை, கொஞ்சம் மஞ்சள் காடு. அக்கா நன்றாகப் பாடுவாள். ஒரு கல்யாண வீட்டில் அவள் பாடியதைக் கேட்டுத்தான் மாமா வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். பாடுகிற பெண்ணுக்குக் கிதார் வாசிக்கிற மாப்பிள்ளை, அதுவும் பேங்க் உத்தியோகம் என்று ஊரே கொண்டாடியது. நான் நஞ்சன்கூட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மைசூரில் விடுதியில் தங்கி, தினமும் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். வாயாடி என்று ஒருத்திக்குப் பெயர் வைத்துவிட்டால் பிறகு அவள் சொல்வதைக் கேட்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அந்த வசதி எங்கள் குடும்பத்துக்கு ரொம்ப நாள் பயன்பட்டது.

மாமாவின் பாட்டு நன்றாக இருக்கும். அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை, கோபம் வேண்டுமானால் வருகிறது. எந்தக் கம்பெனியையும் சாராமல், தானே எழுதி, தானே மெட்டமைத்து, தன் கைக்காசில் பாடுகிறவர். மத்தளம் கிடையாது, எலெக்ட்ரிக் எதுவும் கிடையாது, ஒரு மரக் கிதாரும் குரலும்தான். மழைக்கு ஒதுங்கிய நாய், அம்மாவின் ஈரப்புடவை, பரீட்சையில் தோற்றவன் வீட்டுக்குத் திரும்பும் வழி, இப்படியான விஷயங்களைப் பாடுவார். காப்பிக் கடைகளில் பாடும்போது பெண்பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். ‘எவ்வளவு மென்மையான மனிதர்’ என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பதா, அவளை அறைவதா என்று தெரியவில்லை.

வீட்டில் கிதாரை ஓரமாக வைத்துவிட்டுக் குரல் பயிற்சி நடக்கும்போது அக்கா எதிரே உட்கார்ந்து இரண்டாம் குரல் பாடவேண்டும். அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு ஆசையாகப் பிடித்திருப்பதுபோல இருக்கும். தாளம் தப்பினால், அவளுடைய கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சதையில் தன் கட்டை விரல் நகத்தை இறக்குவார். அடுத்த தாளத்துக்கு இன்னும் கொஞ்சம். அக்கா சித்திரை வெயிலில்கூட முழுக்கை ரவிக்கை போட்டாள், ஆனால் அந்த இடத்தை எந்த ரவிக்கையும் மறைக்காது. பாத்திரம் தேய்க்கும்போது சோப்புத் தண்ணீர் பட்டு எரிகிறதென்று அவள் கையை உதறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நெற்றியில் தையல் போட்டிருந்தது, நிலைப்படியில் இடித்துக்கொண்டாளாம். நிலைப்படி எங்கேயும் போவதில்லை, அது இருக்கிற இடத்திலேயேதான் இருக்கிறது, நீதான் அதை நோக்கித் தள்ளப்பட்டிருப்பாய் என்று நான் கத்தினேன். ‘மெல்லப் பேசுடி, பக்கத்து வீட்ல கேக்கும்’ என்றாள் அக்கா.

அடிப்பதைவிட எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது அவர் சொல்லும் ஒரு சொல். அதைப் புரியவைக்க எங்கள் ஊர்களின் இரண்டு மொழிகளையும் கொஞ்சம் சொல்லவேண்டும். கன்னடத்தில் ‘போதும்’ என்பதற்கு ஒரு சொல் இருக்கிறது. கடைசி எழுத்தை அழுத்திச் சொல்லவேண்டும், தமிழில் எழுதினால் ‘சாக்கு’ என்றுதான் எழுதமுடியும். இலையில் இன்னொரு கரண்டி விழும்போது மைசூரில் எல்லோரும் சொல்வது அதைத்தான். தமிழில் ‘சாகு’ என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. எங்கள் ஊரில் யாரையாவது அப்படித் திட்டினால் ‘சாவு’ என்போம். மாமா வீட்டுத் தமிழில் ‘சாகு’. அழுத்தினால் போதும், அழுத்தாவிட்டால் செத்துப்போ. மாமா அக்காவிடம் அழுத்தாமல்தான் சொல்வார். குரலை உயர்த்தாமல், பல்லுக்கு நடுவிலிருந்து, காப்பி கொடு என்பதுபோல. யாராவது கேட்டுவிட்டால் இருக்கவே இருக்கிறது கன்னடம்.

ஒரு பொங்கலுக்கு ராமாபுரத்தில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா பரிமாறினாள். ரசம் ஊற்றும்போது இரண்டு சொட்டு மாமாவின் வலது கைமேல் தெறித்தது. அவர் நிமிரவில்லை. நகங்களைத் துண்டால் ஒற்றிக்கொண்டே, ‘சாகு’ என்றார். நான் பக்கத்து இலை. அப்பா எனக்கு அடுத்த இலை. நான் கையை உதறிக்கொண்டு எழுந்து, ‘என்ன சொன்னீங்க?’ என்றேன். மாமா முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தார்.

‘சாக்குன்னேன் ப்பா. போதும், ரசம் போதும்னேன், அஷ்டே, அவ்ளோதான். மைசூர்ல இத்தன வர்ஷம் இருந்துட்டு கன்னடா மறந்துபோச்சா உனக்கு?’

‘ஏனுங்கப்பா, உங்களுக்குக் கேக்கலீங்களா? சாகுன்னாரு’ என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, ‘போதும்னுதான சொன்னாரு. மாப்ள என்னத்தச் சொன்னாலும் நீ ஒண்ணு கண்டுபுடிச்சுக்க. உக்காந்து தின்னு’ என்றார். அம்மா மாமாவின் இலைக்கு அப்பளம் வைத்தாள். அக்கா ரசப் பாத்திரத்தோடு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டாள். அந்த வீட்டில் தமிழும் கன்னடமும் தெரியாதவர் ஒருவரும் இல்லை. அன்றைக்கு எல்லோரும் கன்னடத்தில் கேட்டுக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். என்னால் மட்டும் அது முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் மாமாவின் ஆல்பம் வேலை தொடங்கியது. மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில், பழைய வீடொன்றின் மாடியில் ஒரு பெண் ஸ்டூடியோ வைத்திருந்தார். சத்தமாகச் சிரிக்கிற, எதிராளியின் பேச்சை முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிற, நாற்பது வயதிருக்கும் கன்னடக்காரம்மா. எங்களுக்கு அவர் மேடம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. உள்ளறையின் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டி, ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்து, ஆள் முழு பலத்தையும் கொடுத்தால் மட்டுமே நகரும் கனமான கதவு போட்டிருந்தார். பாடுகிறவர்கள் அந்த அறைக்குள்ளே. மேடமும் அவருடைய கருவிகளும் வெளியே. கோயில் மணி அடித்தால் நிறுத்தவேண்டும், தெருவில் ஸ்கூட்டர் திணறினால் நிறுத்தவேண்டும். பிறகு மறுபடி முதலிலிருந்து.

நிறுத்துவதற்கு மாமா ஒரு வழி வைத்திருந்தார். தனக்குப் பிடிக்காத இடம் வந்தால் ‘சாக்கு’ என்பார், மேடம் பதிவை நிறுத்திவிடுவார். முதல் நாளே அப்படிப் பேசிவைத்துக்கொண்டார்கள். அக்கா என்னைப் போனில் கூப்பிட்டு, ‘லீவு நாள்ல வந்து அங்க சும்மா உக்காந்துக்கடி. எதுக்கு வந்தேன்னு கேட்டா சாப்பாடு கொண்டாந்தேன்னு சொல்லிக்க’ என்றாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். ‘பயமெல்லாம் ஒண்ணுமில்ல. நீ இருந்தா நல்லாப் பாட வரும்’ என்றாள். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சுற்றி வளைத்துப் பேசத்தான் வரும்.

அதனால் நான் டிபன் கேரியரோடு மேடத்துக்குப் பின்னாலிருந்த சோபாவில் உட்கார்ந்திருந்தேன். மேடம் ஹெட்போன் மாட்டிக்கொள்வார். நான் பெரிய ஸ்பீக்கர் வழியாகக் கேட்பேன். நாள் போகப் போக மேடத்தின் கவனம் அக்காவிடம் திரும்பியது எனக்குத் தெரிந்தது, மாமாவுக்கும் தெரிந்தது. பாட்டின் நடுவே அக்கா மூச்சு வாங்கும் இடத்தைக்கூட வெட்டவேண்டாம் என்பார் மேடம். ‘அக்காவ்ரு உசிரு சென்னாகிதே’ என்று ஒருநாள் சொன்னார், அக்காவின் மூச்சே அழகாக இருக்கிறதென்று. மாமா சிரித்தார். அடுத்த வாரம் அக்காவின் தோளில் நீலமாக இருந்தது. நான் போலீசுக்குப் போவோம் என்றேன். அக்கா, ‘ஆல்பம் முடியட்டும். என்ற கொரல் ஒருவாட்டி வெளிய வந்துரட்டும்’ என்றாள். அவ்வளவு அடி வாங்கியும் அவள் அங்கே போய்க்கொண்டிருந்தது அதற்காகத்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கென்று அவள் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

கடைசிப் பாட்டு மிச்சமிருந்தது. அம்மாவைப் பற்றியது. வரிகள் மாமாவுடையவை, இரண்டாம் சரணத்தின் மெட்டு அக்கா போட்டது. இருவரும் உள்ளே எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள், இருவர் காதிலும் ஹெட்போன். இரண்டுமுறை பாடியும் சரியாக வரவில்லை. மேடம் மைக்கில், ‘சார், ஈ பாட்டு அக்கா ஒப்ரே ஹாட்லி. நீவு பரீ கிதார் நுடிசி’ என்றார். அக்கா தனியாகப் பாடட்டும், நீங்கள் கிதார் மட்டும் வாசியுங்கள். நான் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். மாமா, ‘ஆகலி ஆகலி’ என்றார், தாராளமாக. முகத்தில் பொங்கலன்று பார்த்த அந்த ரசச் சிரிப்பு.

அக்கா பாடினாள். நான் பிறந்ததிலிருந்து அவள் பாட்டைக் கேட்டிருக்கிறேன், அப்படி ஒருநாளும் பாடியதில்லை. யாருக்கும் துணையாக இல்லாமல், யாருக்கும் கீழே இல்லாமல் இருந்தது அந்தக் குரல். இரண்டாம் சரணம் தொடங்கியதும் மாமா வாசிப்பை நிறுத்தாமலே அவள் பக்கம் சாய்ந்து, மிக மெதுவாக, ‘சாகு’ என்றார். அக்காவுக்கு முன்னாலிருந்த மைக் அதை வாங்கி ஸ்பீக்கர் வழியாக என் மடியில் போட்டது. அக்காவின் குரல் நின்றது. கிதார் நிற்கவில்லை.

மேடம் பதிவை நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்துத் தலையாட்டி, ‘ஹௌது, முந்தே ஹோகி, நில்லிஸ்பேடி’ என்றார். ஆமாம், மேலே போங்கள், நிறுத்தாதீர்கள். எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அழுத்தாமல் சொன்னால் கன்னடத்திலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது. மேலே நட, தொடர்ந்து போ என்று அர்த்தம். மேடத்தின் காது இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. கன்னடக்காரர்களுக்கு அவை இரண்டும் வேறு வேறு எழுத்து. சார் தொடரச் சொல்கிறார் என்று நினைத்துத்தான் அவரும் தொடரச் சொன்னார்.

அக்கா தொடர்ந்தாள். மாமா அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு அவள் தான் செய்துகொண்டிருந்ததை மேலே செய்தது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். விட்ட இடத்திலிருந்து, இன்னும் பலமாகப் பாடினாள். மாமா வாசிப்பதை நிறுத்தினார். கிதாரைத் தூக்கி, பக்கத்திலிருந்த தாங்கியில் பத்திரமாக, சாயாமல் நிற்கிறதா என்று பார்த்து வைத்தார். பிறகு வலது கையை விரித்து, அக்காவின் இடது காதின்மேல், ஹெட்போனோடு சேர்த்து அறைந்தார்.

ஸ்பீக்கரில் அது அறை மாதிரியே கேட்கவில்லை. ஏதோ உள்ளே வெடித்த சத்தம். அடுத்து அக்காவின் மூச்சு, பெரிதாக, அறை முழுக்க. நான் கதவை இழுத்துத் திறப்பதற்குள் அவளுடைய பின்னலைப் பிடித்து பாட்டுத்தாள் வைக்கும் இரும்புத் தாங்கியில் முகத்தை மோதியிருந்தார். வாயில் ரத்தம். நான் அவர் முதுகில் விழுந்து முழங்கையைக் கடித்தேன், பல்லில் எலும்பு தட்டும்வரை கடித்தேன். உதறினார். மைக் நிற்கும் கம்பியைத் தூக்கினார். அதன் அடியில் வட்டமான இரும்புப் பலகை இருக்கும், கனமானது. அது என் தோளில் பட்டு கண்ணாடி ஜன்னலுக்குப் போனது. கண்ணாடி குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டது. ‘ஹொடீபேடி! பிடி அவளன்னா!’ என்று, அடிக்காதீர்கள், அவளை விடுங்கள் என்று கத்திக்கொண்டே மேடம் உள்ளே வந்து அக்காவை அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தார். நானும் தவழ்ந்து வெளியே வந்தேன். மாமா எங்களுக்குப் பின்னால் வந்து வலது கையால் கதவு நிலையைப் பிடித்தார்.

அக்கா திரும்பினாள். காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. இரண்டு கைகளையும் கதவில் வைத்து, தலையைக் குனிந்து, மாட்டை நகர்த்துவதுபோல உடம்பு மொத்தத்தையும் கொடுத்துத் தள்ளினாள். கதவு சாத்திக்கொண்டது. சத்தம் வெளியே வராத கதவு அது. ஆனால் நடுவில் நான்கு விரல்கள் இருந்ததால் அலறல் நன்றாகவே கேட்டது. எனக்கு அந்த அலறல் பிடித்திருந்தது. இன்றைக்கும் அதற்காக நான் வெட்கப்படவில்லை.

கதவைத் திறந்துவிட்டதும் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். நகங்கள் கருத்துப் பிளந்திருந்தன. அந்த நிலையிலும் மேடத்தைப் பார்த்து, ‘நானு சாக்கு அந்தே மேடம், சாக்கு அந்தே. அவளு கேள்லில்லா’ என்றார். போதும் என்றுதான் சொன்னேன், அவள் கேட்கவில்லை என்கிறார்.

மேடம் மூச்சு வாங்க நின்றார். ‘இல்லா சார். சாக்கு அந்தித்ரே நானு நில்லிஸ்தித்தே. நீவு சாகு அந்த்ரி’ என்றார். போதும் என்றிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன், நீங்கள் சொன்னது அதுவல்ல. பிறகு என்னிடம் திரும்பி, தமிழில் அப்படியென்றால் என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொன்னாள். சுவரில் சாய்ந்து, புடவைத் தலைப்பைக் காதில் அழுத்திக்கொண்டு, கன்னடத்தில் சொன்னாள். ‘சாயி அந்த்ரு, மேடம்.’ செத்துப்போ என்றார். அதை அவள் வாயால் ஒரு மனுஷியிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மேடம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பதிவு அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவின் இடது காதுச் செவிப்பறை கிழிந்திருந்தது. மூடிய ஹெட்போனின்மேல் விழுந்த அடி, காற்றை மொத்தமாக உள்ளே தள்ளியிருக்கிறது என்றார் டாக்டர். ஆறிவிடும் என்றார்கள், கிழிசல் ஆறியது. கேட்பது திரும்பி வரவில்லை. ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். மாமா வீட்டார் மறுநாளே ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். பாட்டு சரியில்லை, போதும் என்று கன்னடத்தில் சொன்னான், தமிழில் தப்பாகப் புரிந்துகொண்டு கலாட்டா செய்துவிட்டார்கள், பையனின் கை போய்விட்டது, புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு பெண்ணை அனுப்பிவையுங்கள் என்றார்கள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு, அக்காவை ராமாபுரத்துக்கு அழைத்து வரச்சொன்னார். பேசி முடிக்கலாமாம்.

நான் போகும்போதே மேடம் கொடுத்த பதிவைப் போனில் ஏற்றிக்கொண்டு போனேன். இந்தத் தடவை என்னை யாரும் வாயாடி என்று சொல்லமுடியாது. அதில் பேசுவது என் வாய் இல்லை. வீட்டில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா காதில் பஞ்சோடு கீழே பாயில் இருந்தாள். அம்மா முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ‘மாப்ள வூட்ல சொல்றதும் நாயந்தான கண்ணு. கன்னடத்துல சொன்னத நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டா அவுரு என்ன பண்ணுவாரு’ என்று அப்பா தொடங்கினார். நான் இயர்போனை அவர் காதருகே கொண்டுபோனேன்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ‘வேண்டாஞ் சாமி’ என்றார். ‘எனக்குப் போட்டுக் காட்டாத. அன்னிக்கே எனக்கு நல்லாத்தான் காதுல உழுந்துச்சு.’

எனக்குச் சட்டென்று புரியவில்லை. ‘என்னிக்குங்கப்பா?’ என்றேன்.

‘பொங்கலன்னிக்கு.’

‘அப்பறம் ஏன் போதும்னு சொன்னாருன்னீங்க?’

அப்பா அக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ‘கேட்டுச்சுன்னு சொல்லீட்டா அப்பறம் நா ஏதாச்சும் பண்ணோணுமல்லோ.’

அம்மாவின் முறம் நின்றுவிட்டது. அத்தனை வருடமும் அவருக்குக் காது மந்தம், வெள்ளை மனது, மாப்பிள்ளைமேல் மரியாதை என்று ஏதேதோ சமாதானம் வைத்திருந்தேன். எல்லாம் ஒரே வாக்கியத்தில் போயிற்று. அக்கா மெதுவாக எழுந்து பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். அம்மா உள்ளே போய் அக்காவின் பையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். ‘மைசூர் வண்டி இப்ப வந்துரும். ரெண்டு பேரும் போங்க. அங்க அனுப்பாத இவள’ என்றாள். அப்பா கட்டிலைவிட்டு எழவில்லை. நாங்கள் தெருமுனை திரும்பும்வரை நான் திரும்பிப் பார்த்தேன், அக்கா பார்க்கவில்லை.

இப்போது நாங்கள் இருவரும் மைசூரில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறோம். அக்கா ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். வழக்கு நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. மாமாவின் விரல்கள் சேர்ந்துவிட்டன. நகங்களும் வளர்ந்திருக்கும், நகத்துக்கென்ன, வளரத்தான் செய்யும். வேறெங்கேயோ மறுபடி பதிவு செய்து ஆல்பத்தை இணையத்தில் போட்டிருக்கிறார். அதைக் கேட்டு அழுதேன் என்று முன்பின் தெரியாதவர்கள் கீழே எழுதுகிறார்கள். அக்கா சில சனிக்கிழமைகளில் மேடத்திடம் போகிறாள். வலது காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தக் கடைசிப் பாட்டின் மெட்டுக்கு அவளே எழுதிய வேறு வரிகளைப் பாடிப் பார்க்கிறாள். ஒரு காதோடு சுருதி பிடிப்பது சிரமம், பாதியில் நழுவிவிடுகிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறாள். அவள் நிறுத்தச் சொன்னால்தான் மேடம் நிறுத்துவார்.

வீட்டில் நான் எப்போதும் அவளுடைய வலது பக்கம்தான் உட்காருவேன். கடையிலும் அப்படித்தானாம், பேசுகிறவர்களை வலது பக்கம் வரச்சொல்லிக் கையைக் காட்டுவாளாம். போன் வந்தாலும் வலது காதில்தான் வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பேசுவார். நான் எடுப்பதில்லை, அக்காதான் எடுப்பாள். அவர் மஞ்சள் விலையைச் சொல்வார், மழையைச் சொல்வார், சில நாள் பேச்சு வராமல் அழுவார். அக்கா ‘ம், ம்’ என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் வைக்கும்வரை அவள் வைத்ததேயில்லை. போனை இடது காதில் வைத்திருப்பாள்.